படுதாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன்

குதிரை வண்டியைப் பற்றி யாராவது ஆசையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சலங்கைச் சத்தம், வைக்கோல் மெத்தை, சிலுசிலுவென்று காற்று என்று அடுக்குவார்கள். முன்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துப் போன ஆண்பிள்ளைகளுக்குக் காற்று வந்திருக்கும். நாங்கள் போனது படுதாவுக்குள். முன்னால் ஒரு படுதா, பின்னால் ஒரு படுதா, அதற்குள் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி. வண்டி எங்கே போகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

மதுரைத் தெற்குவாசல் பக்கம், பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்குத் தகரப்பெட்டிக் கடை. விடிந்தால் போய், விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வீட்டில் அம்மா, அக்கா, நான். இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தின காலம் அது. எனக்கு இன்னும் கல்யாணம் பேசவில்லை. அக்காவைக் கட்டிய மச்சான் பினாங்கில் இருந்தார். அக்கா பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போயிருந்தது. இந்தத் தடவையும் காலும் முகமும் வீங்க ஆரம்பித்ததும் பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரம் தவறாமல் வர வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் வியாழக்கிழமைதோறும் அக்காவும் நானும் வண்டியில் போய் வந்தோம். அம்மாவுக்கு முட்டிவலி, ஏறி இறங்க முடியாது.

வாடிக்கையாக வண்டி கொண்டுவருகிறவர் ஒருவர் இருந்தார். வந்ததும் வண்டியின் பின்பக்கத்தை எங்கள் வாசலோடு ஒட்டி நிறுத்துவார். பிறகு குதிரையின் தலைமாட்டுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நாங்கள் ஏறி, படுதாவை இறக்கி, "ஆச்சு" என்று அம்மா குரல் கொடுத்த பிறகுதான் திரும்புவார். எங்கள் தெருக்களுக்கு வரும் வண்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவன் மரியாதை தெரிந்தவன், அவனுக்குத்தான் எங்கள் பக்கம் சவாரி. வருடக்கணக்காக எங்களை ஏற்றிப்போன அந்த மனிதரின் முகத்தைக் கடைத்தெருவில் பார்த்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. குரலைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். குதிரை வண்டி ஸ்டாண்டில் சொல்லி வேறு வண்டி அனுப்புவதாகத் தகவல் வந்தது. வண்டியும் வந்தது. வந்தவன் முறைப்படி வாசலில் ஒட்டி நிறுத்தி, தலைமாட்டுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"பாத்து ஏறுங்க தாயி. படி வழுக்கும். அவசரமில்ல, மெதுவா ஏறுங்க" என்றான்.

நல்ல குரல். கொஞ்சம் பெண்மை கலந்த, இழைந்து பேசுகிற குரல். அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "வாயும்வயிறுமா இருக்கா, பள்ளம் மேடு பாத்துப் போப்பா" என்றாள். "எங்க வீட்டுப் பிள்ள மாதிரி கொண்டுபோய்ச் சேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, நாக்கைச் சொடுக்கி, "வாடா என் ராசா" என்று குதிரையைக் கிளப்பினான்.

வெளிவீதியில் ஏறி நேராகக் கிழக்கே போக வேண்டும் ஆஸ்பத்திரிக்கு. சாலை முழுக்க ஆள் சத்தம் கேட்கும், பலகாரக் கடை எண்ணெய் வாசம் வரும். அன்றைக்குக் கொஞ்ச தூரம் போனதும் ஆள் சத்தம் குறைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. உடனே இன்னொரு தூக்கு. தண்டவாளம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தண்டவாளம் கிடையாது. ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஊருக்குத் தெற்கே வில்லாபுரம், அதற்கப்புறம் வயலும் கண்மாயும்தான்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, வழி மாறிப் போறீங்க" என்றேன். "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு இப்படி இல்ல" என்றேன் சத்தமாக. சக்கரம் கல்லை விட்டு மண்ணில் இறங்கி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்படுதாவைத் தூக்கிக் குதிக்கலாம் என்று கை போனது. அக்காவின் வயிற்றைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்ல ஆரம்பித்தாள்.

வண்டி நின்றது. தவளைச் சத்தம், ஈரமண் வாசம். முன்படுதா ஓரத்தில் துண்டு சுற்றிய கை ஒன்று உள்ளே வந்தது. அதில் கத்தி இருந்தது.

"பயப்படாதீக தாயி. வளையலக் கழட்டுங்க. கழுத்துல உள்ளதையும்" என்றான். அதே இழைந்த குரல். அதட்டியிருந்தால்கூட நான் அம்புட்டுப் பயந்திருக்க மாட்டேன். கையிலிருந்ததை எல்லாம் கழற்றிக் கொடுத்தோம். வீங்கின கையில் அக்காவுக்கு வளையல் கழலவில்லை, தோல் உரிய நான்தான் இழுத்தேன். கருகமணியையும் கேட்டான். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்றுவதா என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? கத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. கழற்றிக் கொடுத்தாள்.

"இப்ப இறங்குங்க. வீடு எனக்குத் தெரியும், பச்சக் கதவு. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுக. வாயத் தொறந்தா இன்னொரு வாரமும் நாந்தான் வண்டி கொண்டாருவேன். எந்த வாரம்னு சொல்ல மாட்டேன்" என்றான்.

பின்பக்கமாக இறங்கிக் கண்மாய்க்கரைச் சரிவில் நின்றோம். வண்டி போகும் சத்தம் கேட்டது. "வாடா என் ராசா, வாடா" என்று கொஞ்சிக்கொண்டே போனான். நான் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது தொங்குகிற படுதா மட்டும்தான்.

வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். "அடியாத்தி, புள்ளத்தாச்சியவா இப்படி இறக்கி விட்டுட்டுப் போனான்?" என்று ஒருத்தி அக்காவைத் தாங்கிப் பிடித்தாள். அவர்கள்தான் மாட்டு வண்டியில் எங்களை வீடு சேர்த்தார்கள்.

அத்தா பயந்த மனிதர்தான், ஆனால் அன்றைக்கு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வாடிக்கை வண்டிக்காரர் காய்ச்சலோடு எழுந்து ஸ்டாண்டுக்குப் போய், எங்கள் வீட்டுச் சவாரியை எடுத்தது யார் என்று விசாரித்து அத்தாவிடம் ரகசியமாகச் சொன்னார். "எல்லாருக்கும் தெரியும் பாய். ஒருத்தனும் வந்து சாட்சி சொல்ல மாட்டான். அவங்கிட்ட அம்புட்டுப் பயம்" என்றார். ஆளைப் பிடித்தார்கள். வளையலும் கிடைக்கவில்லை, கருகமணியும் கிடைக்கவில்லை. அதற்குள் உருகிப்போயிருக்கும்.

விசாரிக்க வந்த ஏட்டு நடையில் நின்றுகொண்டு கேட்டார். "வண்டி நம்பர் என்ன?"

"நம்பர் தகடு வெளிய இருக்கும். நாங்க உள்ள இருந்தோம்" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஆளு எப்படி இருந்தான்? கறுப்பா, சிவப்பா?"

"முதுகு மட்டும்தான் பாத்தோம்."

ஏட்டு சிரித்தார். பிறகு அத்தாவைப் பார்த்து, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல, "இவன் பழைய ஆளுதான் பாய். போன வருசமே ஒரு வீட்டுல வந்து சொன்னாங்க. கோர்ட்டு, சாட்சின்னதும் பொம்பளைய அனுப்ப மாட்டோம்னு அவங்களே ஒதுங்கிட்டாங்க" என்றார்.

"தெரிஞ்சுமா விட்டு வச்சிருந்தீங்க?" என்று அத்தா கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாங்க என்ன செய்ய? கேசு இல்லையே" என்றார் ஏட்டு. இந்தப் பதிலைப் பிறகு பல வாயிலிருந்து கேட்டோம்.

ஆளை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அக்காவால் நிற்க முடியாது, நான் போனேன். தெருவில் ஆளுக்கு ஒரு பேச்சு. கல்யாணம் ஆகாத பெண்ணைக் கோர்ட்டுக் கச்சேரிக்கு அனுப்புகிறாரே என்று அத்தாவின் காதுபடவே சொன்னார்கள். அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சப்-ஜெயில் முற்றத்தில் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி வேட்டி கட்டிய ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாம நடந்து போம்மா. ஆளு யாருன்னு தெரிஞ்சா, தொட்டுக் காட்டணும்" என்றார்.

அந்நிய ஆம்பளையைத் தொட்டுக் காட்ட வேண்டுமாம். அதையும் செய்யத் தயாராகத்தான் போயிருந்தேன். அக்காவுக்காக எந்த நாயை வேண்டுமானாலும் தொட்டிருப்பேன். துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இதில் ஒருத்தன் அவன். அவனுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவனைத் தெரியாது. எந்தக் கண் அவன் கண் என்று தெரியாமல் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டே போனேன். யார் முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பினேன்.

"ஐயா, இவங்களப் பேசச் சொல்லுங்க. 'பாத்து ஏறுங்க தாயி'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் கண்டுபிடிச்சிருவேன்" என்றேன்.

முற்றத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "குரல யாரும் மாத்திப் பேசலாம்மா. முகத்தப் பாத்துச் சொல்றதுதான் முறை. முகம் தெரியுதா, தெரியலையா?"

"அவன் மொகத்த எங்களுக்குக் காட்டவே இல்லையே. மரியாதைக்குத் திரும்பி நிக்கிறதாத்தான நாங்க நெனச்சோம்."

"தெரியுதா, தெரியலையா?"

"குதிரைய எப்படிக் கூப்பிடுவான்னு கேளுங்கய்யா. அது ஒன்னு கேட்டாப் போதும்."

அவர் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே வந்தேன். முற்றத்து வாசலைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் யாரோ மெதுவாக நாக்கைச் சொடுக்கினார்கள். குதிரையைக் கிளப்புகிற அதே சொடுக்கு. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றார்கள்.

சீக்கிரமே அவனை விட்டுவிட்டார்கள். ஸ்டாண்டில் பழைய இடத்திலேயே வண்டியைப் போட்டான். எங்கள் சந்து வழியாக அவனுக்கு என்ன சவாரியோ, அன்றாடம் ஒரு தடவையாவது வந்தான். நிற்க மாட்டான், ஒன்றும் சொல்ல மாட்டான். பச்சைக் கதவருகே வரும்போது "வாடா என் ராசா" என்று குதிரையிடம் பேசிக்கொண்டு போவான். அது குற்றமா என்ன? குதிரையிடம் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அக்கா அந்தக் குரல் கேட்டதும் சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள்.

அத்தா செருப்புத் தேய அலைந்தார். வண்டி லைசென்ஸ் கொடுக்கிற முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனால், "கேசுதான் நிக்கலையே பாய். வண்டி சரியா இருக்கு, குதிரை சரியா இருக்கு. லைசென்ஸைப் பிடுங்குறதுக்கு ரூல் இல்ல. போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். போலீசுக்குப் போனால், "மாஜிஸ்திரேட்டே விட்டுட்டாரு, நாங்க என்னத்த எழுத? லைசென்ஸு முனிசிபாலிட்டி விசயம்" என்றார்கள். ஒருவரும் அத்தாவை அவமரியாதையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லி, கேட்டு, இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் அத்தா தம்மால் முடிந்ததைச் செய்தார். பச்சைக் கதவுக்கு நீலச் சாயம் அடித்தார். ஊர் முழுக்க அவனைத் தடுக்க முடியாதபோது ஒரு டப்பா சாயமா தடுக்கப்போகிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவி வைத்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வாடிக்கை வண்டிக்காரர் காய்ச்சல் தெளிந்து, தாமே வண்டி கொண்டுவந்து பார்த்தார். "நாந்தான் தாயி, என் சத்தம் தெரியலையா? பயப்படாம ஏறுங்க" என்றார். அக்கா ஏறினாள். படுதாவை இறக்கியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. சந்து முனை திரும்புவதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். "இனிமே என்னய வண்டியில ஏத்தாதீங்க. அவன் எந்த வாரம்னு சொல்லலடி, எந்த வாரம்னு சொல்லல" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்து போகிற தூரமும் இல்லை, நடக்கிற உடம்பும் இல்லை. மருத்துவச்சி வீட்டுக்கு வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். வீக்கம் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் உச்சிவெயிலில் அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலை பிளக்கிறது என்றாள். கை விரல்கள் தானாக இழுத்தன. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "எங்கையில ஒன்னும் இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். வாடிக்கை வண்டிக்காரர் சோழவந்தானுக்குச் சவாரி போயிருந்தார். மருத்துவச்சியே வெளியே ஓடி, ஏதாவது ஒரு வண்டியை அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்தாள். அக்காவுக்குத் துப்பட்டியைச் சுற்றி, அம்மாவும் நானுமாகத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். வண்டி வந்து பின்பக்கமாக ஒட்டி நின்றது. வந்தவன் தலைமாட்டுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"பாத்து ஏறுங்க தாயி. அவசரமில்ல" என்றான்.

அரை மயக்கத்தில் இருந்த அக்காவுக்கு எங்கிருந்து அந்த வலு வந்தது என்று தெரியவில்லை. நீலக் கதவின் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவன்தான்டி. அவன்தான்" என்றாள். நான் அவள் விரலை எடுக்கப் பார்க்கவில்லை. அவள் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எவன் கத்தியைக் காட்டினானோ அவன் வண்டியில் எந்தப் பைத்தியக்காரி ஏறுவாள்?

"வேண்டாம், போ" என்றாள் அம்மா. அவன் திரும்பவில்லை. "சரி தாயி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து, குதிரையைக் கொஞ்சிக்கொண்டே போனான்.

மருத்துவச்சி மறுபடி ஓடினாள். அது சாப்பாட்டு நேரம், ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை. அத்தா கடையிலிருந்து ஓடி வந்து, எங்கோ ஒரு கட்டை வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அக்காவுக்கு இரண்டு தடவை இழுப்பு வந்துவிட்டது. படுதா இல்லாத மாட்டு வண்டியில், ஊரெல்லாம் பார்க்க, அம்மாவையும் தூக்கி ஏற்றிக்கொண்டு, அக்கா தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்டவாளம் வருகிறதா, தண்டவாளம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லைக்கா, இந்த வழியில் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதி வழியில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிள்ளை செத்துப் பிறந்தது. பொழுது சாயும்போது அக்காவும் போய்விட்டாள்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கோபமாகக் கேட்டார். "வாராவாரம் வரச் சொன்னேனே. ஏன் இத்தனை நாளா வரல?"

அம்மா துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. ஏட்டு ஸ்டேஷனில் இருந்தார், மாஜிஸ்திரேட் கச்சேரியில் இருந்தார், லைசென்ஸ் கொடுத்தவர் ஆபீஸை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவன் கத்தி அக்காவின் மேல் படவே இல்லை. அதனால் இதற்கும் கேஸ் இல்லை.

அக்காவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிக் கழிந்த பிறகு ஒரு நாள் வாடிக்கை வண்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். வண்டி இல்லாமல் வந்தும், பழக்கத்தில் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"அவன் வண்டியப் பிடிச்சுட்டாங்க பாய். முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டுக்கே வந்து லைசென்ஸ வாங்கிட்டுப் போயிட்டாரு."

அத்தா எழுந்து நின்றார். நான் கதவை ஒட்டி வந்து நின்றேன். கடைசியில் யாரோ கேட்டார்கள், யாரோ ஒருவர் காதில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

"எதுக்கு? யாராச்சும் புகார் குடுத்தாங்களா?" என்றார் அத்தா.

"புகார் என்ன புகார்? குதிரைக்குக் கழுத்துல புண்ணு. பட்டை உராஞ்சு ரணமாயிருச்சு. வாயில்லாச் சீவனப் புண்ணோட வண்டியில பூட்டக் கூடாதுல்ல? இன்ஸ்பெக்டர் வாரா வாரம் வந்து குதிரையத் தடவிப் பாப்பாரு. பாத்ததும் அந்த இடத்துலயே லைசென்ஸப் பிடுங்கிட்டாரு."

அத்தா மெதுவாக உட்கார்ந்தார். "எத்தன நாளைக்கு?" என்று கேட்டார்.

"புண்ணு ஆறுற வரைக்கும்."

அவன் அந்தக் குதிரையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, ராசா ராசா என்று கூப்பிட்டு ஈ ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். புண் சீக்கிரமே ஆறிவிட்டது.